தமிழ்க் கட்டுரைகளை ஏஐ கொண்டு திருத்துவது: எதுவரை, எப்படி?

மெய்ப்பாளர், சென்னை

வணக்கம். நான் ஒரு காலாண்டிதழுக்கு மெய்ப்புப் பார்த்து வருகிறேன். அண்மைக் காலமாக எங்களுக்கு வரும் கட்டுரைகளில் ஒற்றுப்பிழையும் ரகர றகர மயக்கமும் வெகுவாகக் குறைந்திருக்கின்றன. எழுதியவர்களைக் கேட்டால், அனுப்புவதற்கு முன் சாட்ஜிபிடியிலோ ஜெமினியிலோ இட்டுத் திருத்தி வாங்கியதாகச் சொல்கிறார்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. சிற்றிதழ்களுக்கும் சிறு பதிப்பகங்களுக்கும் தேர்ந்த மெய்ப்பாளர் கிடைப்பது எவ்வளவு அரிது என்பதும், கிடைத்தாலும் பக்கத்துக்கு இவ்வளவு என்று அவர் கையில் வைக்கப்படும் தொகை எவ்வளவு சொற்பம் என்பதும் இங்குள்ள பலருக்குத் தெரியும்.

என் கவலை வேறு. பிழை குறைந்த அதே கட்டுரைகளில் எழுதியவரின் குரலும் குறைந்துவிடுகிறது. கோவில்பட்டிப் பக்கத்து நண்பர் ஒருவர் மானாவாரி விவசாயம் பற்றி எழுதிய கட்டுரையின் இரண்டு வடிவங்களும் என்னிடம் வந்து சேர்ந்தன. அவர் முதலில் எழுதியதில், "அந்த வருசம் மழை ஏமாற்றிவிட்டது, கம்மங்காட்டில் காடைகூட இறங்கவில்லை" என்று இருந்தது. திருத்தப்பட்ட வடிவத்தில் அது, "அந்த ஆண்டு மழை பொய்த்ததால் விவசாயம் பெரும் பாதிப்பைச் சந்தித்தது" என்று ஆகியிருந்தது. இரண்டாவது வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆனால் அது யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கக்கூடிய வாக்கியம். முதல் வாக்கியத்தை அந்த மண்ணில் நின்றவர் மட்டுமே எழுத முடியும். இப்படி ஒரு மாற்றம் நடந்ததையே நண்பர் கவனிக்கவில்லை என்பதுதான் எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. அவர் கேட்டது பிழைதிருத்தம். கிடைத்தது வேறொரு கட்டுரை.

ஆகவே எந்த வேலையை இக்கருவிகளிடம் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் எப்படிக் கேட்க வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால், எங்கள் கட்டுரையாளர்களுக்கு ஒரு நெறிமுறை எழுதிக் கொடுக்க உதவியாக இருக்கும்.

நிரலர், கோவை

ஐயா, தங்கள் நண்பருக்கு நேர்ந்தது அக்கருவி இயங்கும் முறையிலேயே உள்ள சிக்கல். அதைச் சற்று விளக்கினால் மற்றவை தெளிவாகும் என்று நினைக்கிறேன்.

நாவி, வாணி போன்ற தமிழ்த் திருத்திகளும் மென்தமிழ் போன்ற சொல்லாளர்களும் (தட்டச்சு செய்து ஆவணம் ஆக்கும் மென்பொருள்களும்) சொல் பட்டியலையும் இலக்கண விதிகளையும் கொண்டு இயங்குபவை. உரையைச் சொல் சொல்லாகப் பார்த்து, ஐயமுள்ள சொல்லை மட்டும் சுட்டும். மற்றவை இருந்த இடத்திலேயே இருக்கும். உரையாடும் ஏஐ அப்படியன்று. நீங்கள் ஒரு பத்தியைக் கொடுத்துத் திருத்தித் தரச் சொன்னால், அது அந்தப் பத்தியை முதல் எழுத்திலிருந்து மறுபடியும் ஆக்கித் தருகிறது. மாறாமல் இருக்கும் சொற்கள்கூட, அடுத்து வரத்தக்கது எது என்று கணித்து அது புதிதாக ஆக்கியவையே. எனவே நீங்கள் அரிதான ஒரு சொல்லாட்சியை எழுதியிருந்தால், அந்த இடத்தில் வழக்கமாக வரும் தொடரை நோக்கிச் சரிந்துவிடும் வாய்ப்பு எப்போதும் உண்டு. "முக்கியப் பங்கு வகிக்கிறது", "பெரும் தாக்கத்தை ஏற்படுத்தியுள்ளது" போன்ற தொடர்கள் திருத்தப்பட்ட கட்டுரைகளில் மொய்ப்பதற்கு இதுவே காரணம்.

தமிழுக்கு இன்னொரு கூடுதல் சிக்கலும் இருக்கிறது. இக்கருவிகள் உரையை எழுத்து எழுத்தாகப் பார்ப்பதில்லை. டோக்கன் எனப்படும் துண்டுகளாக வெட்டிக்கொண்டே பார்க்கின்றன. ஒருங்குறியில் (யூனிகோட்) உள்ள தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும், யுடிஎஃப்-8 எனப்படும் சேமிப்பு முறையில் மூன்று பைட் இடம் பிடிக்கும். ஆங்கில எழுத்துக்கு ஒன்றே போதும். ஆங்கிலத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட பழைய வெட்டும் முறைகளில் தமிழ்ச் சொற்கள் பொருளற்ற சிறு சிறு துண்டுகளாகச் சிதறின. 2024 மே மாதத்தில் ஜிபிடி-4ஓ பதிப்பு வெளிவந்தபோது, சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே இதற்கு ஒரு சான்றைக் காட்டியது: ஒரு மாதிரித் தமிழ் உரைக்கு முன்பு 116 டோக்கன்கள் தேவைப்பட்டன, புதிய முறையில் 35 போதும். நிலைமை மேம்பட்டு வருகிறது. ஆனாலும் எழுத்துகளைத் தனித்தனியே பாராத ஒன்றிடம் லகர, ளகர, ழகர வேறுபாட்டைக் காக்கும் பொறுப்பை முழுவதுமாக ஒப்படைத்துவிட முடியாது. பொருள் அறிந்து திருத்துவதில் அது வலியது. எழுத்தெண்ணிப் பார்ப்பதில் இன்னும் தடுமாறுவது.

தமிழாசிரியை, திருச்சி

நிரலர் சொன்ன கடைசி வாக்கியத்தை ஒட்டி, வகுப்பறையில் நான் கண்டதைச் சொல்கிறேன். ஒற்று மிகும், மிகா இடங்களைப் பொருள் கொண்டே முடிவு செய்ய வேண்டிய இடங்களில் இக்கருவிகள் எதிர்பாராத அளவுக்கு நன்றாகச் செய்கின்றன. "தந்த பலகை" என்றால் யாரோ கொடுத்த பலகை. "தந்தப் பலகை" என்றால் யானைத் தந்தத்தால் ஆனது. "வேலை கொடுத்தான்" என்றால் பணி கொடுத்தான். "வேலைக் கொடுத்தான்" என்றால் வேலாயுதத்தைக் கொடுத்தான். சொல் பட்டியலை மட்டும் வைத்திருக்கும் திருத்திக்கு இவை நான்குமே சரியான தொடர்கள்தாம். முன்பின் வாக்கியங்களைப் படிக்கும் கருவியால்தான் எது பொருந்தும் என்று சொல்ல இயலும், பெரும்பாலும் சரியாகவே சொல்கிறது.

தடுமாறுவது எங்கே என்றால், வழக்கமான விதிக்கு விலக்கு வரும் இடத்தில். "கற்க கசடறக் கற்பவை" என்று தொடங்கும் 391ஆம் குறளை என் மாணவி ஒருத்தி கட்டுரையில் மேற்கோளாக எழுதியிருந்தாள். கருவி அதைக் "கற்கக் கசடற" என்று திருத்திக் கொடுத்தது. "கற்கச் சென்றான்" என்பதில் கற்க என்பது எச்சம். அங்கே ஒற்று மிகும். குறளில் வரும் கற்க என்பதோ வியங்கோள் வினைமுற்று. "வாழ்க தமிழ்" என்பதில் மிகாதது போலவே அங்கும் மிகாது. வடிவம் ஒன்று, இலக்கணம் வேறு. காரணம் கேட்டபோது, தான் செய்ததே சரி என்று ஒரு நன்னூல் நூற்பாவையும் அதன் எண்ணையும் அது எடுத்துக் கொடுத்தது. நூலைப் புரட்டிப் பார்த்தால், அந்த எண்ணில் இருந்தது வேறு நூற்பா. அது தந்த வரிகளோ நூலில் எங்குமே இல்லை.

இதைத்தான் நான் எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்தாகக் கருதுகிறேன். தவறான திருத்தத்தைக் கவனமுள்ள வாசகர் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் தவறான திருத்தத்துக்கு, நன்னூலை இயற்றிய பவணந்தியார் பெயரால் ஒரு பொய்ச் சான்றும் சேர்ந்துவிட்டால், இலக்கணம் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளை அதை எதிர்த்துக் கேட்பது எப்படி? இல்லாத குறளை உண்டாக்கித் தருவதும் இதே வகைதான். ஆகையால் என் மாணவர்களுக்கு நான் வைத்திருக்கும் விதி இது: மேற்கோளைக் கருவியின் கண்ணில் காட்டவே கூடாது. மேற்கோள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குறியை இட்டுவிட்டு மற்றப் பகுதியை மட்டும் கொடுக்க வேண்டும். மேற்கோளை அச்சு நூலோடு ஒப்பிட்டு அவர்களே சரிபார்க்க வேண்டும்.

வாய்மொழி ஆவணக்காரர், யாழ்ப்பாணம்

எனக்கு இந்த இழை மிகவும் தேவையானதாக இருக்கிறது. நாங்கள் போர்க்காலத்தில் இடம்பெயர்ந்தவர்களின் வாய்மொழிச் சாட்சியங்களைப் பதிவு செய்து, எழுத்தாக்கி, தொகுத்து வருகிறோம். எழுத்தாக்கிய உரையில் தட்டச்சுப் பிழைகள் நிறைய இருக்கும். வேலை மலைபோல் குவிந்திருந்ததால், இளம் தொண்டர்கள் சிலர் பிழைகளை நீக்க ஒரு சாட்பாட்டைப் பயன்படுத்திப் பார்த்தார்கள்.

முதலில் கண்ணில் பட்டது சிறிய மாற்றங்கள். "திகதி" எல்லாம் "தேதி" ஆகியிருந்தது. "கதிரை" நாற்காலி ஆகியிருந்தது. "யன்னல்" ஜன்னல் ஆகியிருந்தது. "ரொறன்ரோ" டொராண்டோ ஆகியிருந்தது. இவை பிழைகள் அல்ல. எங்களுடைய பாடநூல்களிலும் பத்திரிகைகளிலும் அன்றாடம் புழங்கும் எழுத்து வழக்கு. தமிழகத்தின் வழக்கு ஒன்றே தமிழ் என்று எடுத்துக்கொண்டு, மற்றதைப் பிழையாகக் கொள்ளும் போக்கு அக்கருவியிடம் இருந்தது. இணையத்தில் எந்த வழக்கு மிகுதியாகக் கிடைக்கிறதோ அதன் பக்கம் அது சாய்கிறது என்று விளங்கிக்கொண்டோம்.

பிறகு ஒரு தாயின் சாட்சியத்தைப் பார்த்தோம். அவர், "செல் விழுந்து வீட்டின்ரை அரைவாசி போட்டுது, நாங்கள் பங்கருக்குள்ளை இருந்தபடியால் தப்பினனாங்கள்" என்று சொல்லியிருந்தார். எங்கள் ஊரில் செல் என்றால் எறிகணை. செல்லடி என்ற சொல்லைக் கேட்டு வளராத பிள்ளை அந்தக் காலத்தில் இல்லை. திருத்தப்பட்ட பிரதியில், "கைப்பேசி விழுந்து வீட்டின் பாதி போய்விட்டது" என்று இருந்தது. வாக்கியத்துக்குப் பொருளே இல்லை என்பதுகூட அதைத் தடுக்கவில்லை. அந்தப் பிரதியை மூத்தவர் ஒருவர் ஒலிப்பதிவோடு ஒப்பிட்டுக் கேட்டதால் தப்பியது. அவர் கேட்டிராவிட்டால், ஒரு தாய் தன் வாயால் சொன்ன சாட்சியம் ஆவணத்தில் நிரந்தரமாகச் சிதைந்திருக்கும்.

ஆகவே நண்பர்களே, நான் உறுதியாகச் சொல்வேன்: ஒருவர் சொன்னதை அப்படியே காப்பதுதான் நோக்கம் என்றால், அந்த உரைமேல் இத்தகைய திருத்தக் கருவியை ஓட்டவே கூடாது. நாங்கள் இப்போது சாட்சியங்களை முழுவதும் கையாலேயே சரிபார்க்கிறோம். தொகுப்புக்கு நாங்கள் எழுதும் முன்னுரை, குறிப்புரை போன்றவற்றுக்கு மட்டும் கருவியின் உதவியைப் பெறுகிறோம். அதற்கும், "இலங்கைத் தமிழ் எழுத்து வழக்கைக் கைக்கொள்க, திகதி, கதிரை போன்ற சொற்களை மாற்றற்க" என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் அதன்படி நடக்கிறது.

குரல்வழி எழுதுபவர், மதுரை

மதிப்பிற்குரிய நண்பர்கள் சொன்ன குறைகள் அனைத்தும் உண்மை. ஆனாலும் மறுபக்கத்தையும் பதிவு செய்ய விரும்புகிறேன். எனக்குப் பார்வை இல்லை. திரைவாசிப்பான் துணையோடு படிக்கிறேன். குரல்வழித் தட்டச்சு கொண்டு எழுதுகிறேன். நான் "பள்ளி" என்று சொன்னால் கணினி சில வேளைகளில் "பல்லி" என்று எழுதிவிடும். "அறை" என்பது "அரை" ஆகும். "மறந்தான்" என்பது "மரந்தான்" ஆகும். நீங்கள் படித்துப் பார்த்தால் இப்பிழைகள் உடனே கண்ணில் படும். எனக்கோ, திரைவாசிப்பான் "அரை", "அறை" இரண்டையும் ஏறத்தாழ ஒரே ஒலியில்தான் வாசிக்கிறது. என் பிழை என் காதுக்கு எட்டுவதே இல்லை. பல ஆண்டுகளாக ஒவ்வொரு கட்டுரைக்கும் யாராவது ஒருவரின் ஓய்வு நேரத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தேன். அவர்கள் அன்போடு செய்தார்கள். இருந்தாலும், என் எழுத்து என் கையை விட்டு வெளியேறும் நேரத்தைப் பிறர் முடிவு செய்யும் நிலை அது.

இப்போது கருவியிடம், வாக்கியங்களை மாற்றாமல், ஒலியொத்த எழுத்துகளில் நேர்ந்த பிழைகளை மட்டும் சொல்லச் சொல்கிறேன். அதையும் எழுத்துப் பெயரோடு கேட்கிறேன்: "மூன்றாம் வாக்கியத்தில் அரை என்ற சொல்லில் இடையின ரகரம் உள்ளது, வல்லின றகரம் வர வேண்டும்" என்று அது விடை தரும். அப்படிக் கேட்டால்தான் திரைவாசிப்பான் வழியாக எனக்கு வேறுபாடு தெரியும். எல்லாப் பிழைகளையும் அது பிடிப்பதில்லை. பிடிப்பவற்றைக் கொண்டே, யாரையும் எதிர்பாராமல் ஒரு கடிதத்தையோ விண்ணப்பத்தையோ என்னால் அனுப்ப முடிகிறது. சாட்சியங்கள் மீது ஓட்டக் கூடாது என்று யாழ்ப்பாணத்து நண்பர் சொன்னதை மனமார ஏற்கிறேன். அதே நேரம், இக்கருவிகளே வேண்டாம் என்று ஒரு இதழ் முடிவெடுத்தால் என்னைப் போன்றவர்கள் மீண்டும் வாசலில் காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதை மெய்ப்பாளர் ஐயா நெறிமுறை எழுதும்போது நினைவில் வைக்க வேண்டுகிறேன்.

சுவடிப் பதிப்பாய்வாளர், தஞ்சாவூர்

ஏட்டுச் சுவடிகளோடு பழகுபவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வரிவடிவில் வேறுபாடு இராது. காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். படியெடுத்தவர்கள் தமக்குப் புரிந்தபடி எழுதினார்கள். "எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்" என்ற பழமொழி சும்மா வரவில்லை. புரியாத சொல்லைப் புரிந்த சொல்லாக மாற்றி எழுதியவனால் நூலுக்கு நேர்ந்த கேடு, கறையான் அரித்ததால் நேர்ந்த கேட்டைவிடப் பெரிது. கறையான் அரித்த இடம் ஓட்டையாகத் தெரியும். மாற்றி எழுதிய இடம் தெரியாது.

உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோதும் அதன் பின்னரும் கைக்கொண்ட முறையை நினைத்துப் பாருங்கள். பல ஏடுகளை ஒப்பிட்டு ஒரு பாடத்தைத் தேர்ந்தார். பிற ஏடுகளில் கண்ட பாடங்களையும் பிரதிபேதம் என்று குறித்து வைத்தார். தம் முடிவு தவறாக இருந்தால் பின்னால் வருபவர் அதைக் கண்டறியும் வழியைத் திறந்தே வைத்தார். திருத்துபவரிடம் நாம் எதிர்பார்க்க வேண்டிய ஒழுக்கம் இதுவே: எதை மாற்றினார் என்பது தெரிய வேண்டும், மாற்றுவதற்கு முன் என்ன இருந்தது என்பது அழியாமல் இருக்க வேண்டும்.

இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால் மெய்ப்பாளரின் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். கருவியிடமிருந்து திருத்திய கட்டுரையைப் பெறக் கூடாது. திருத்தங்களின் பட்டியலை மட்டுமே பெற வேண்டும். பட்டியலைப் பார்த்து, ஏற்பதை ஏற்றுத் தள்ளுவதைத் தள்ளி, மூலக் கட்டுரையில் எழுதியவரே தம் கையால் மாற்ற வேண்டும். அப்படிச் செய்தால் காடையும் போகாது, எறிகணை கைப்பேசியாகவும் ஆகாது. ஏனெனில் அப்படி ஒரு பரிந்துரை பட்டியலில் வந்தால், அது எழுதியவர் கண்ணில் பட்டே தீரும்.

பதிப்பகப் பணியாளர், சென்னை

ஆய்வாளர் ஐயா சொன்ன முறை சரியானது. ஆனால் அதற்கு நேரம் வேண்டும், நேரத்துக்குக் கூலி வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பதிப்பகத்தில், ஏஐ பார்த்துவிட்டது என்ற காரணத்தைச் சொல்லி, இரண்டாம் மெய்ப்பு பார்த்து வந்த பெண்மணியின் வேலையை நிறுத்திவிட்டார்கள். அதன் பின் வந்த நூல் ஒன்றில் உள்ளடக்கப் பக்கத்தில் ஒரு தலைப்பும் உள்ளே வேறொரு தலைப்பும் இருந்தன. அடிக்குறிப்பு எண்கள் ஒன்று தள்ளிப் போயிருந்தன. கருவியிடம் பத்தி பத்தியாகக் கொடுத்தவர்களுக்கு நூலை முழு நூலாகப் பார்க்கத் தோன்றவில்லை. மெய்ப்பாளர் என்பவர் ஒற்று மட்டும் பார்ப்பவர் அல்லர். எட்டாம் பக்கத்தில் அண்ணன் என்று வந்தவர் எண்பதாம் பக்கத்தில் தம்பி ஆகியிருப்பதைக் கவனிப்பவரும் அவர்தான். நெறிமுறை எழுதும் இதழ்கள், கருவி வந்தாலும் மெய்ப்பாளரின் இடம் அப்படியே இருக்கும் என்பதையும் எழுத்தில் சேர்க்க வேண்டும்.

கல்லூரி ஆசிரியர், சேலம்

ஒரு துணைக் கேள்வி. எங்கள் துறையில் சிலர், மாணவர் கட்டுரைகளை ஏஐ கண்டறியும் மென்பொருளில் இட்டு, அது சொல்லும் விழுக்காட்டைக் கொண்டு மதிப்பெண்ணைக் குறைக்கிறார்கள். மொழித் திருத்தத்துக்கு மட்டும் கருவியைப் பயன்படுத்திய மாணவரும் இதில் அகப்பட்டுக்கொள்கிறார். இது நியாயமா?

நிரலர், கோவை

நியாயமில்லை என்பதே என் கருத்து. ஓப்பன்ஏஐ நிறுவனம் 2023 ஜனவரியில் இத்தகைய கண்டறியும் கருவி ஒன்றை வெளியிட்டது. ஏஐ எழுதிய உரைகளில் 26 விழுக்காட்டை மட்டுமே அது சரியாக இனங்கண்டது என்று அந்நிறுவனமே அறிவித்திருந்தது. துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றும் கொண்டது. அதே 2023இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறனறித் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கண்டறியும் கருவிகளில் இட்டுப் பார்த்தார்கள். மனிதர் எழுதிய அக்கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை ஏஐ எழுதியவை என்று அக்கருவிகள் முத்திரை குத்தின. சொல்வளம் குறைந்த எளிய நடை இக்கருவிகளுக்கு இயந்திர நடையாகத் தெரிகிறது. ஆங்கிலத்துக்கே நிலைமை இதுவென்றால், தமிழ்க் கட்டுரைக்கு அது தரும் விழுக்காட்டை வைத்து ஒரு மாணவரின் நேர்மையை எடைபோடுவது பெருந்தவறு.

தமிழாசிரியை, திருச்சி

என் வகுப்பில் மாணவர்களிடம் கட்டுரையோடு முதல் வரைவையும் கேட்டு வாங்குகிறேன். கருவியின் பரிந்துரைப் பட்டியலில் எதை ஏற்றார்கள், எதைத் தள்ளினார்கள், ஏன் என்று வாய்மொழியாகக் கேட்பேன். தள்ளியதற்குக் காரணம் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு இலக்கணம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஆய்வேடு எழுதுபவர்களுக்கு வேறொன்றும் சொல்ல வேண்டும். 2023 ஜனவரியிலேயே நேச்சர் என்ற அறிவியல் இதழ், ஏஐ கருவியை ஆசிரியராகக் காட்டக் கூடாது என்றும் அதைப் பயன்படுத்தியிருந்தால் கட்டுரையில் குறிப்பிட வேண்டும் என்றும் அறிவித்துவிட்டது. தமிழ் ஆய்விதழ்களும் இதைத் தெளிவாக எழுதி வைத்துவிட்டால் ஆய்வு மாணவர்கள் ஒளித்துச் செய்ய வேண்டிய தேவை இராது.

மெய்ப்பாளர், சென்னை

அனைவருக்கும் என் நன்றி. ஆய்வாளர் ஐயா சொன்ன பட்டியல் முறையைக் கோவில்பட்டி நண்பரின் மூலக் கட்டுரையிலேயே, அவர் ஒப்புதலோடு செய்து பார்த்தேன். நான் கொடுத்த கட்டளையை அப்படியே தருகிறேன், வேண்டுபவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

"கீழே உள்ள பத்தியைத் திருப்பி எழுதாதே. எழுத்துப்பிழை, ஒற்றுப்பிழை, ஒருமை பன்மை மயக்கம் ஆகியவற்றை மட்டும் சுட்டு. ஒவ்வொன்றுக்கும் மூலத்தில் உள்ள தொடர், உன் பரிந்துரை, காரணம் ஆகியவற்றை ஒரே வரியில் கொடு. வட்டார வழக்குச் சொற்களையும் மேற்கோள்களையும் பிழையாகக் கொள்ளாதே. உறுதியில்லாத இடத்தில் ஐயம் என்று குறி. நூற்பா எதையும் மேற்கோள் காட்டாதே."

விளைவு வருமாறு. முந்நூறு ஏக்கர் என்று இருக்க வேண்டியது "முன்னூறு ஏக்கர்" என்று இருந்ததைப் பிடித்தது. "சுவற்றில்" என்பதைச் சுவரில் என்றும் "பதட்டம்" என்பதைப் பதற்றம் என்றும் மாற்றச் சொன்னது. "சோளம், கம்பு, வரகு ஆகியவை ... சந்தைக்கு அனுப்பப்பட்டது" என்ற நீண்ட வாக்கியத்தில், எழுவாய்க்கும் பயனிலைக்கும் இடையே இரண்டு வரி தொலைவு இருந்தும், "அனுப்பப்பட்டன" என்று வர வேண்டும் என்று சுட்டியது. இது நான் முதல் வாசிப்பில் தாண்டிப் போயிருக்கக்கூடிய இடம். "மருந்து கடை" என்று இருந்ததை அது தாண்டிச் சென்றது. அங்கே ஒற்று மிகாவிட்டால் மருந்தைக் கடையச் சொல்வதாகிவிடும். "வெள்ளாமை" என்ற சொல்லுக்கு, வேளாண்மை என்று இருக்கலாமோ என்று கேட்டு, "ஐயம்" எனக் குறித்தது. நண்பர் சிரித்துக்கொண்டே, "வெள்ளாமை வெள்ளாமையாகவே இருக்கட்டும்" என்றார். அவர் தம் கையால் மாற்றிய கட்டுரையில் கம்மங்காடும் காடையும் பத்திரமாக இருக்கின்றன. இதழில் வருவதற்கு முன் நான் இன்னொரு முறை முழுவதும் படிப்பேன்.

நெறிமுறையில் இவற்றைச் சேர்க்கப் போகிறோம்: மூல வரைவைக் கட்டாயம் உடன் அனுப்ப வேண்டும், சாட்சியம், நேர்காணல், மேற்கோள், கவிதை ஆகியவற்றைக் கருவியில் இடக் கூடாது, மொழித் திருத்தத்துக்குக் கருவியைப் பயன்படுத்தியவர் அதை ஒரு வரியில் சொன்னால் போதும், அதற்காக எந்தக் கட்டுரையும் தள்ளப்படாது. மதுரை நண்பர் சுட்டிய குறையை மனத்தில் கொண்டே இந்தக் கடைசிப் பகுதியை எழுதியிருக்கிறோம். இன்னும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. எங்களிடம் உள்ள பழைய கட்டுரைகள் பாமினி, வானவில் எழுத்துருக்களில் இருக்கின்றன. அவற்றை எப்படிக் கொடுப்பது? நீண்ட கட்டுரையை ஒரே தடவையில் கொடுக்கலாமா?

நிரலர், கோவை

பாமினி, வானவில் ஆகியவை ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டும் பழைய எழுத்துருக்கள். அக்கோப்புகளை அப்படியே ஒட்டினால் கருவிக்குப் போய்ச் சேருவது ஆங்கில எழுத்துகளின் குவியல்தான். முதலில் என்எச்எம் மாற்றி போன்ற ஒன்றில் இட்டு ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றிய பின் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிழையை மட்டும் தேடிப் பாருங்கள். "கௌரவம்" என்பதில் வரும் ஔகாரக் குறி, ஒற்றைக்கொம்போடு ளகரத்தைச் சேர்த்துக் "கெளரவம்" என்று பல கோப்புகளில் பதிந்திருக்கும். ஔவை "ஒளவை" என்று இருக்கும். அச்சில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றுவதால் தேர்ந்த மெய்ப்பாளர் கண்ணுக்கும் தப்பிவிடும், தேடுபொறிக்குத்தான் இரண்டும் வேறு வேறு சொற்கள். இதற்கு ஏஐ தேவையில்லை; சொல்லாளரில் உள்ள தேடி மாற்றும் வசதியே போதும். ஆனால் "தெளிவு", "வெளி" போன்ற சொற்களிலும் கொம்புக்கு அடுத்து ளகரம் முறையாகவே வரும் என்பதால், எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் மாற்றிவிடாமல் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்.

நீண்ட கட்டுரையை ஒரே தடவையில் கொடுக்க வேண்டாம். நீளம் கூடக் கூட நடுப்பகுதியில் உள்ள பிழைகளைத் தாண்டிச் செல்வதையும், கட்டளையை மறந்து மறுபடி எழுதத் தொடங்குவதையும் பார்க்கிறேன். இரண்டு மூன்று பத்திகளாகப் பிரித்து, ஒவ்வொரு தடவையும் கட்டளையையும் சேர்த்தே கொடுங்கள். யாராவது தவறிப்போய் முழுக் கட்டுரையாகத் திருத்தி வாங்கிவிட்டால், வேர்டில் இரண்டு ஆவணங்களை ஒப்பிடும் வசதியில் மூலத்தையும் திருத்தியதையும் இட்டால் மாறிய இடமெல்லாம் நிறத்தில் தெரியும். வெளிவராத கட்டுரைகளை இடுவதற்கு முன் அச்சேவையின் அமைப்புகளைத் திறந்து, நாம் இடும் உரையைப் பயிற்சிக்குப் பயன்படுத்தும் தெரிவு இருந்தால் அதை அணைத்துவிடவும். நேர்காணல் கொடுத்தவர்களின் பெயர், ஊர், தொலைபேசி எண் ஆகியவற்றை நீக்கிவிட்டே இடுங்கள்.